ஒரு ஜீபி வெறுமை

சம்மாந்துறை நெல்லாலையில்
பழைய கணினி செத்த அன்று
அதன் தட்டை மட்டும் கழற்றி
ஒற்றைக் கோப்பாக்கினேன்.
நாற்பது ஜீபி. பதினேழு வருசம்.
எந்த வட்டையிலிருந்து எத்தனை மூடை,
ஈரம் எவ்வளவு,
முற்பணம் வாங்கிவிட்டு
மில்லுப் பக்கம் கிறுகியும் பாராதவர் யார்யார்,
எல்லாம் அதற்குள்.

புதிய சேர்வருக்குள் அதற்கோர் இடம் ஒதுக்கினேன்.
விருந்தாளி இயந்திரம் என்றுதான்
எங்கள் தொழிலில் பெயர்.
தட்டை எந்தக் கட்டுப்படுத்தியில் கோர்க்க என்று
ஒரு பட்டியல் கேட்டது.
ஐடிஇ, சாட்டா, ஸ்கசி,
கடைசியில்
இல்லாத இயந்திரங்களுக்கென்றே செய்த வேகமான ஒன்று.
வேகமானதைத் தொட்டேன்.
யார்தான் தொடமாட்டார்?

நீலம்.
கல்லடிப் பாலத்தடியில்
உச்சிவெயிலுக்கு வாவி காட்டுகிற நீலமல்ல,
ஈரமே இல்லாதது.
அதன்மேல் வெள்ளையில் வரிசையாய்ப் பூச்சியங்கள்,
முடிவில் ஏழு, பீ.
எழும்ப வேண்டிய தட்டைக் காணவில்லையாம்.

"காணல்லயா? உள்ளுக்குத்தானே கிடக்கு?"
கணக்குப் பார்க்கிற நுஸைபாவுக்கு
ஆலை வாசலில் நிற்கிற உழவு மெசின்கள் கவலை.
"குளத்துல தண்ணி இருக்கு.
நான் துருசை மாத்திப்போட்டன்.
புதுசைத் திறக்க இதுக்குத் தெரியல்ல."
"அப்ப பழைய துருசையே போடுங்களன்."

போட்டேன். எழும்பியது,
ஒரு பற்றுச்சீட்டுக்கு நாற்பது விநாடி
மூச்சு வாங்கிக்கொண்டு.
வெளியே மாசி மாதத்து வெட்டு.
வரிசை சந்தியைத் தாண்டிவிட்டது.
எவரோ ஹோர்னை அழுத்தியபடியே நித்திரையாகிவிட்டார் போல.

மறுகா,
பெரிய தட்டைப் பழைய வழியிலேயே விட்டு
பக்கத்தில் இன்னொன்று செய்தேன்.
ஒரு ஜீபி என்று சொல்லிக்கொள்ளும்,
ஒரு படத்தின் அளவு இடம்கூடப் பிடிக்காது.
உள்ளே ஒரு எழுத்தில்லை.
அதைப் புதிய கட்டுப்படுத்தியில் கோர்த்தேன்.

திரையின் மூலையில் ஒரு குமிழி.
புதிதாய் ஏதோ வந்திருக்கிறதாம்.
விருந்தாளி விசாரித்தது.
டிரைவரைக் கொடுத்தேன், எடுத்துக்கொண்டது.
ஒன்றுமே இல்லாத ஒன்றைப் பார்ப்பதற்காக
ஒரு வாசலைப் பழகியது.

கலியாணம் முடித்து மருதமுனைக்கு வந்த வாரம்
ஜெஸீலா எனக்கென்று
அலுமாரியில் ஒரு தட்டை வெறுமையாக்கி வைத்திருந்தாள்.
வைக்க என்னிடம் இரண்டு சாரன்தான்.
அதைத் திறக்கப் போய்த்தான்
அந்த வீட்டில் எந்தக் கதவு உரசும்,
எந்த விளக்குக்கு எந்தச் சுவிட்ச் என்று தெரிந்தது.
இதை நுஸைபாவிடம் சொல்லவில்லை.

அணைத்தேன். வெறுந்தட்டைக் கழற்றினேன்.
பெரியதை அந்த வாசலுக்கு மாற்றி
எழும்பல் வரிசையில் முதலாவதாக வைத்தேன்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கியிருந்தது.
எழுதுமுன்பே எழுதியாயிற்று என்று சொல்கிற வகையா,
எழுதிவிட்டுச் சொல்கிற வகையா?
முந்தியது பறக்கும்.
ஆனால் வெட்டுக்காலத்து அந்தியில்
கரண்ட் எப்போது போகுமென்று
மின்சார சபைக்கும் தெரியாது.
ஒருவருடைய முப்பத்தொரு மூடையை
நடுவழியில் நிறுத்த எனக்கு மனமில்லை.
பிந்தியதைப் போட்டேன்.

நீலம் வரவில்லை.
நாற்பது விநாடி மூன்றானது.
முதல் சீட்டு:
ஆதம்லெவ்வை, நெய்னாகாடு, முப்பத்தொரு மூடை, ஈரம் பதினாலு.
கீழே, எவரும் கேட்காமலே,
பதினொரு வருசத்து முற்பணப் பாக்கியும் அச்சாகி வந்தது.
அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"அந்தக் கொம்பியூட்டர் மௌத்தாப் போச்சு எண்டாங்களே."

நுஸைபா சிரிப்பை அடக்கிக்கொண்டு
அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

அந்த ஒரு ஜீபிக் கோப்பு
இன்னும் அங்கேதான் கிடக்கிறது.
அழிக்கவில்லை.
சேர்வரில் இடமிருக்கிறது.